ஊர் கூடித் தேடும் உண்மை

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்டது. தேரை இழுக்க ஊர் கூடலாம். உண்மையைத் தேடவும் ஊர் கூடலாமா? ஆராய்ச்சி என்றால், தனியறையில் புத்தகக் குவியலுக்கு நடுவே ஒருவர் அமர்ந்து செய்யும் தவம் என்றே நம்மில் பலர் எண்ணி வந்திருக்கிறோம். கடந்த இருபது ஆண்டுகளில் அந்த எண்ணம் பெரிதும் மாறிவிட்டது. ஆயிரக்கணக்கானோரின் கண்ணையும் கருத்தையும் துணையாகக் கொண்டு ஒரு கேள்விக்கு விடை தேடும் முறை இன்று பல துறைகளில் புகுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதனைக் 'கிரவுட்சோர்சிங்' என்பர். 2006-ஆம் ஆண்டில் ஜெஃப் ஹௌ என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 'வயர்ட்' என்ற சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் வாயிலாக இச்சொல் பரவியது. தமிழில் இதனைப் 'பலர்வழித் திரட்டல்' என்று இக்கட்டுரை அளவில் வழங்குவோம். இதனினும் நல்ல சொல் அன்பர்களுக்குத் தோன்றினால் மகிழ்ச்சியே.

பறவைகளை எண்ணவும், வானத்தில் தெரியும் விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்தவும் இம்முறை பயன்பட்டிருப்பதைப் பலர் அறிவர். அவற்றை ஈண்டு விரிக்கவில்லை. ஆலை, அலுவலகம், மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், சர்க்கார் இலாகா ஆகிய நிறுவனங்களை ஆராய்வதற்கு இம்முறை எவ்வளவு தூரம் உதவும் என்பதே நம் கேள்வி. இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. யாருக்கு வேலை கொடுப்பது, யாருக்குப் பதவி உயர்வு தருவது, ஓய்வு நேரம் எவ்வளவு, மேற்பார்வை எப்படி என்பன போன்ற முடிவுகள் பலவற்றுக்கு இத்துறை ஆராய்ச்சிகளை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆராய்ச்சி பிழைத்தால், அதன் விளைவு யாரோ ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் போய் விழும்.

ஒரே இடம், ஒரே கண்

ஒரு நிறுவனத்தை அறிவது எளிதன்று. மானேஜர் அறிந்த அலுவலகம் வேறு. குமாஸ்தா அறிந்த அலுவலகம் வேறு. காலையில் வந்து கூட்டிப் பெருக்குபவர் அறிந்த அலுவலகம் முற்றிலும் வேறு. மூவர் சொல்வதும் மெய்யே. மூன்றும் ஒத்துப்போகாததும் மெய்யே.

இத்துறையின் பழைய ஆராய்ச்சிகள் இரண்டை நோக்குவோம். அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த ஹாதார்ன் என்ற இடத்தில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை பல சோதனைகள் நடந்தன. 1927-இல் தொடங்கிய ஒரு சோதனையில், தொலைபேசிக்கான உறுப்புகளைப் பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, அவர்களுடைய ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி உயர்ந்தது. 'தம்மைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்ச்சியே உழைப்பைப் பெருக்குகிறது' என்ற கொள்கை இதனை ஒட்டிப் பாடநூல்கள் எங்கும் பரவியது. அந்த ஐந்து பெண்களின் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் மீண்டும் புரட்டிப் பார்த்து, அக்கொள்கை அதிலிருந்து பிறக்குமா என்று பல்லாண்டுகள் வாதிட்டார்கள்.

நம் நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. லண்டனிலுள்ள டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் 1953-இல் அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக் கூடத்தில் வேலை முறையை ஆராய்ந்தார். ஆளுக்கொரு துண்டு வேலையாகச் சிதறிக் கிடந்ததை மாற்றி, ஒரு சிறு குழு ஒரு தறித் தொகுதி முழுவதற்கும் பொறுப்பேற்கும் ஏற்பாடு அங்கே சோதிக்கப்பட்டது. 1958-இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது.

இவ்விரண்டும் பெரிய முயற்சிகள், இன்றும் படிக்கத்தக்கவை. ஆயினும் இரண்டுக்கும் ஒரு பொதுவான எல்லை உண்டு. ஆராய்ந்தது ஒரே இடம். ஆராய்ந்தவர் ஒரு சிலரே. அந்த இடத்துக்கு மட்டும் உரிய தன்மையா, எல்லா இடத்துக்கும் பொதுவான உண்மையா என்று எப்படிப் பிரிப்பது? உண்மையைக் கண்டாரா, தாம் காண விரும்பியதைக் கண்டாரா என்று யார் சொல்வது? இவ்விரு கேள்விகளே பலர்வழித் திரட்டலுக்கு வழி திறந்தன. ஹாதார்ன் ஆலையிலேயே 1928 முதல் இரண்டாண்டுகளுக்குள் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. ஐந்து பேர் போதாது என்று அன்றே அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எருதின் எடையும் அலுவலகத்தின் நீதியும்

பலர் கூடினால் உண்மை கிடைக்கும் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை ஒன்று உண்டு. 1906-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் கால்நடைக் கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு கொழுத்த எருதைக் காட்டி, அதை அறுத்துத் துப்புரவு செய்தபின் இறைச்சி எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகித்து எழுதும் போட்டி வைத்தார்கள். சீட்டு ஒன்றுக்குக் கட்டணம் ஆறு பென்னி. பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர் அச்சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். படிக்கக்கூடியவை 787. அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நின்ற ஊகத்தைப் பார்த்தார், 1,207 பவுண்டு. உண்மையான எடையாக அவர் 1907-இல் வெளியிட்டது 1,198 பவுண்டு. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழை!

கதை இனிக்கிறது. ஆனால் இந்த வெற்றிக்கு அடியில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. முதலாவது, ஊகித்தவர்களில் பலர் கசாப்புக்காரர்கள், விவசாயிகள்; பொருளைப் பற்றி ஓரளவேனும் அறிந்தவர்கள். இரண்டாவது, அவரவர் சீட்டை அவரவர் எழுதினார்கள். கூடிப் பேசி ஒரே எண்ணை எழுதவில்லை. மூன்றாவது, எருதுக்கு ஓர் உண்மையான எடை இருந்தது; கடைசியில் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம்.

நிறுவனத்துக்கு இம்மூன்றாம் நிபந்தனை பொருந்தாது. 'இந்த அலுவலகத்தில் பதவி உயர்வு நியாயமாக நடக்கிறதா?' என்ற கேள்விக்குத் தராசு கிடையாது. நூறு பேரைக் கேட்டுச் சராசரி எடுத்தால், நூறு பேரின் சராசரி கிடைக்குமே தவிர, நியாயத்தின் எடை கிடைக்காது. ஆகவே நிறுவன ஆராய்ச்சியில் கூட்டத்தைச் சேர்ப்பதன் பயன், பலர் சொன்னதைச் சேர்த்து வகுத்து ஒரே விடை காண்பது அன்று. பலர் எங்கெங்கே வேறுபடுகிறார்கள், ஏன் வேறுபடுகிறார்கள் என்று காண்பதே. இதனை மனத்தில் கொண்டு, கூட்டம் ஆராய்ச்சிக்குள் வரும் மூன்று வழிகளைப் பார்ப்போம். கூட்டம் சாட்சியாக வரலாம், சோதனைக்கு உட்படுவோராக வரலாம், ஆராய்வோராகவே வரலாம்.

சாட்சியாக வரும் கூட்டம்

பெங்களூரைச் சேர்ந்த ஜனாக்ரஹா என்ற அமைப்பு 2010-ஆம் ஆண்டில் 'நான் லஞ்சம் கொடுத்தேன்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. எந்த இலாகாவில், எந்த வேலைக்காக, எவ்வளவு கொடுக்க நேர்ந்தது என்பதைப் பொதுமக்கள் பெயர் கூறாமல் எழுதலாம். லஞ்சம் கொடுக்க மறுத்தவர்களும், கேட்கப்படாமலே வேலை முடிந்தவர்களும் எழுத இடம் இருந்தது. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சியாளர் சர்க்கார் அலுவலகத்துக்குள் நுழைந்து, 'ஐயா, நீங்கள் லஞ்சம் வாங்குவதுண்டா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? வெளியிலிருந்து அறிய முடியாத ஒரு நடைமுறையை, அதில் அகப்பட்டுக்கொண்டவர்களின் வாய்மொழியாலேயே திரட்டிய முயற்சி இது. எந்த இலாகாவில் எந்தப் படியில் பணம் கைமாறுகிறது என்ற வேலைப்போக்கின் சித்திரம் இதனால் கிடைத்தது. கர்நாடகப் போக்குவரத்து இலாகா இத்தகவலைத் தன் சீர்திருத்தங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டது.

ஆனால் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஒரு நகரிலிருந்து ஆயிரம் புகார், மற்றொரு நகரிலிருந்து பத்துப் புகார் என்றால், முதல் நகரில் லஞ்சம் நூறு மடங்கு என்று பொருளா? அன்று. முதல் நகரில் இணைய வசதி மிகுதியாக இருக்கலாம்; அத்தளத்தின் பெயர் அங்கே அதிகம் பரவியிருக்கலாம்; மக்களுக்கு ஆங்கிலத்தில் எழுதும் பழக்கமும் கோபத்தை வெளியிடும் துணிவும் அங்கே கூடுதலாக இருக்கலாம். தாமே வந்து சொல்பவர்களின் எண்ணிக்கை, நடந்த நிகழ்ச்சியின் எண்ணிக்கை ஆகாது. சாட்சிக் கூட்டம் 'என்ன நடக்கிறது, எப்படி நடக்கிறது' என்று அழகாகச் சொல்லும். 'எத்தனை முறை நடக்கிறது' என்று சொல்லாது. தொழிலாளர்கள் தம் கம்பெனியைப் பற்றி இணையத்தில் எழுதும் மதிப்புரைகளுக்கும் இவ்விதியே பொருந்தும். மிகவும் மனம் கசந்தவரும் மிகவும் மனம் நிறைந்தவரும் எழுதுவார்கள்; இடையில் உள்ளவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

வந்து பேசிய கூட்டத்தைக் கேட்பதோடு, வராத கூட்டம் எது என்றும் கேட்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் மூதாட்டி எந்த இணையத்தளத்தில் எழுதப்போகிறார்?

சோதனைக்கு உட்படும் கூட்டம்

இரண்டாவது வழி இன்று மிகவும் பெருகியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் அமேசான் கம்பெனி 'மெக்கானிக்கல் டர்க்' என்ற இணையச் சந்தையைத் தொடங்கியது. பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1770-இல் கெம்பலன் என்பவர் வியன்னா அரண்மனையில் சதுரங்கம் ஆடும் இயந்திரம் ஒன்றைக் காட்டினார். துருக்கியர் போல் உடுத்திய பொம்மை தானே காய் நகர்த்தியது, காண்போர் வியந்தனர். உண்மையில் பெட்டிக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருந்தார். இயந்திரம் செய்வதுபோல் தோன்றும் சிறு சிறு வேலைகளை இணையத்தின் வழியே மனிதரைக் கொண்டு செய்விப்பதால் இச்சந்தைக்கு அப்பெயர் இட்டார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒரு வசதியைக் கண்டார்கள். 'உங்கள் மேலதிகாரி இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?' என்பது போன்ற கேள்வித்தாளை இச்சந்தையில் இட்டால், ஒரே இரவில் ஐந்நூறு பேர் விடையளித்து விடுவார்கள். நிர்வாகத் துறைச் சஞ்சிகைகளில் இவ்வழியைப் பயன்படுத்திய கட்டுரைகள் 2012-இல் 6; 2019-இல் 133 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இவ்விடையளிப்போர் யார்? 2010-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் அமெரிக்கர். 34 பேர் இந்தியர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கேள்வித்தாளுக்கு நம் நாட்டு ஊர்களில் அமர்ந்து விடையளித்தவர்கள் அத்தனை பேர். அவர்கள் பெற்ற கூலி எவ்வளவு? 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2,676 தொழிலாளர்கள் செய்த 38 லட்சம் வேலைகளை எடுத்துக் கணக்கிட்டது. நடுத்தரக் கூலி மணிக்கு ஏறக்குறைய 2 டாலர். அமெரிக்கக் கூட்டரசின் சட்டப்படி அன்றைய குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், அதற்கு மேல் பெற்றவர்கள் நூற்றுக்கு 4 பேரே.

தொழிலாளர் நலனைப் பற்றிக் கட்டுரை எழுத, தொழிலாளரைக் கேள்வி கேட்டு, அதற்குக் குறைந்த கூலியும் தராமல் இருப்பது எத்தகைய ஆராய்ச்சி? அறத்தை விட்டுப் பயனை மட்டும் பார்ப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கூலி குறைந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் கவனம் குறையும். 2018-ஆம் ஆண்டுக் கோடையில் இச்சந்தையிலிருந்து வந்த விடைகளின் தரம் திடீரென்று சரிந்ததை ஆராய்ச்சியாளர் பலர் கண்டு திகைத்தனர். பொருளற்ற விடைகள் பல வந்தன. வேறு வேறு ஆட்கள் என்று பதிவானவர்கள் ஒரே இடத்திலிருந்து எழுதுவதாகத் தெரிந்தது. 2023-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆராய்ச்சியாளர்கள், ஒரு சுருக்கி எழுதும் வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தவர்களுள் நூற்றுக்கு 33 முதல் 46 பேர் வரை செயற்கை அறிவுக் கருவியைக் கொண்டே எழுதியிருக்கக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். பழைய பெட்டிக்குள் மனிதர் ஒளிந்திருந்தார். இன்றைய மனிதருக்குப் பின்னால் இயந்திரம் ஒளிந்திருக்கிறது!

இச்சந்தையில் நிகழ்ந்த மற்றொரு செயலையும் குறிப்பிட வேண்டும். லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மன் என்ற இருவர், 'டர்க்கோப்டிகன்' என்னும் கருவியை அமைத்தனர். 2013-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினர். வேலை கொடுப்பவர் ஒழுங்காகக் கூலி தருகிறாரா, செய்த வேலையைக் காரணமின்றித் தள்ளுகிறாரா என்பதைத் தொழிலாளர்களே பதிவு செய்து ஒருவருக்கொருவர் அறிவிக்கும் ஏற்பாடு அது. ஆராயப்பட்ட கூட்டம் திரும்பி நின்று, ஆராய்பவர்களை ஆராயத் தொடங்கிவிட்டது. கூட்டமும் ஒரு நிறுவனமே. அதற்கும் முதலாளி உண்டு, கூலி உண்டு, மனக்குறை உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

ஆராய்வோராக வரும் கூட்டம்

மூன்றாவது வழியே எல்லாவற்றிலும் புதுமையானது. என் கருத்தில் மிகவும் முக்கியமானதும் அதுவே. இங்கே கூட்டம் விடையளிப்பதில்லை, ஆராய்ச்சியையே செய்கிறது. ஒரே தகவல் தொகுதியைப் பல ஆராய்ச்சிக் குழுக்களிடம் கொடுத்து, ஒரே கேள்வியைக் கேட்டு, தனித்தனியே முடிவு காணச் செய்கிறார்கள்.

2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கால்பந்து ஆட்டத்தில் கருநிறத்தவருக்கு நடுவர்கள் அதிகமாகச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றுகிறார்களா என்று கேட்டார்கள். நடுவர் தீர்ப்பும் அலுவலக அதிகாரியின் தீர்ப்பும் ஓரினமே; அதிகாரம் உடையவர் பட்சபாதமின்றி நடக்கிறாரா என்பதே இரண்டிலும் கேள்வி. இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின் நாடுகளின் முதல்தர ஆட்டக்காரர்கள் 2,053 பேரின் கணக்கை 29 குழுக்களிடம் கொடுத்தார்கள். 20 குழுக்கள் 'ஆம், வேறுபாடு இருக்கிறது' என்றன. 9 குழுக்கள் 'உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை' என்றன. வேறுபாட்டின் அளவைப் பற்றியோ, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதிலிருந்து மூன்று மடங்கை நெருங்குவது வரை மதிப்பீடுகள் விரிந்தன. தகவல் ஒன்றே, கேள்வி ஒன்றே, படித்தவர்களே அனைவரும். ஆட்டக்காரர் எந்த இடத்தில் ஆடுபவர் என்பதைக் கணக்கில் சேர்ப்பதா, எந்த நாட்டுப் போட்டி என்பதைச் சேர்ப்பதா, எந்தப் புள்ளியியல் முறையைக் கையாள்வது என்பன போன்ற சிறு சிறு தெரிவுகளில் அவர்கள் பிரிந்தார்கள்.

நிறுவன நடத்தையை ஆராயும் சஞ்சிகை ஒன்றில் 2021-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அறிஞர்கள் பலர் கூடி இணையத்தில் நடத்திய உரையாடல்களின் தொகுப்பை எடுத்துக்கொண்டு, பதவியும் புகழும் மிக்கவர் அதிகம் பேசுகிறாரா, பெண்கள் எண்ணிக்கை கூடினால் பெண்களின் பேச்சும் கூடுகிறதா என்று கேட்டார்கள். 'மதிப்பு' என்பதை எப்படி அளப்பது என்பதையும் ஆராய்பவர் விருப்பத்துக்கே விட்டார்கள். ஒருவர் வகிக்கும் பதவியைக் கொண்டு அளக்கலாம். அவர் பணிபுரியும் பல்கலைக்கழகத்தின் தரத்தைக் கொண்டு அளக்கலாம். அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்பதைக் கொண்டும் அளக்கலாம். தவறுள்ளவற்றையும் விளக்கம் போதாதவற்றையும் நீக்கியபின் 29 ஆய்வுகள் எஞ்சின. அவற்றுள் சில, ஒரே கேள்விக்கு நேர் எதிரான முடிவுகளைக் கண்டன. ஒவ்வொன்றும் புள்ளியியல் முறைப்படி உறுதியானது என்ற முத்திரையோடு!

இதன் பொருளைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் மட்டும் தனியாக அந்த ஆராய்ச்சியைச் செய்து வெளியிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய முடிவு 'ஆராய்ச்சி காட்டும் உண்மை' என்று பெயர் பெற்றிருக்கும். பாடநூலில் ஏறியிருக்கும். ஏதோ ஒரு நிறுவனம் அதைக் கொண்டு விதி ஒன்றும் வகுத்திருக்கும். மற்ற வழிகள் இருந்தன என்பதே யாருக்கும் தெரிந்திராது.

பிரதிபேதம் தரும் பாடம்

'அப்படியானால் ஆராய்ச்சியே வீண் வேலையா? அவரவர் விருப்பப்படி எதையும் சொல்லலாமா?' என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ் படித்தவர்களுக்கு இக்கேள்வி திகைப்பூட்ட வேண்டியதில்லை. நம் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர், ஒரே ஏட்டுச் சுவடியை நம்பி அச்சிட்டுவிடவில்லை. பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடிச் சேர்த்தார்கள், ஒப்பிட்டார்கள், பொருந்திய பாடத்தை மேலே அச்சிட்டு, வேறுபட்ட பாடங்களைப் பிரதிபேதம் என்று கீழே குறித்தார்கள். பாடங்கள் வேறுபடுகின்றன என்பதற்காக நூலே பொய் என்று யாரும் சொல்லவில்லை. எந்தச் சொல்லில் எல்லாச் சுவடியும் ஒத்திருக்கின்றன, எந்தச் சொல்லில் பிரிகின்றன என்று கண்டபோதுதான் எதை உறுதியாக நம்பலாம் என்பது தெளிந்தது.

கால்பந்து ஆய்வையும் அப்படியே படிக்கலாம். 29 குழுக்களுள் ஒன்றுகூடக் கருநிறத்தவருக்குச் சிவப்பு அட்டை குறைவு என்று உறுதியாகக் காணவில்லை. ஆகவே, வேறுபாடு இருந்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்பதில் குழப்பம் இல்லை. அதன் அளவில்தான் குழப்பம். இது பயனுள்ள அறிவு. உரையாடல் ஆய்விலோ திசையே மாறியது. ஆகவே 'மதிப்பு' என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதைத் தெளிவாக்காமல் அக்கேள்விக்கு விடை சொல்லவே கூடாது என்று அறிந்தோம். அதுவும் பயனுள்ள அறிவே. ஒருவரே செய்த ஆராய்ச்சி இவ்விரண்டையும் நமக்குக் காட்டியிராது.

எல்லாப் பாடமும் சமம் என்பதும் இதன் பொருள் அன்று. ஏடெழுதியவரின் கைப்பிழையைப் பதிப்பாசிரியர் தள்ளுவதுபோல், கணக்குப் பிழையுள்ள ஆய்வுகளைத் தள்ளவே வேண்டும். கூட்டம் தேவை, கூட்டத்தைத் தணிக்கை செய்யும் அறிவும் தேவை.

நாம் என்ன செய்யலாம்?

29 குழுக்களைக் கூட்டும் பணமும் செல்வாக்கும் மாணவர்களாகிய நம்மிடம் இல்லை. ஆயினும் இம்முறையின் சாரத்தை நம் சிறு ஆராய்ச்சிகளில் கடைப்பிடிக்க எந்தத் தடையும் இல்லை. உதாரணமாக, மாணவர் விடுதி உணவுச்சாலையின் நிர்வாகத்தை ஒருவர் ஆராய்வதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவது, அங்கே சம்பந்தப்பட்டவர் யார் யார் என்று முதலிலேயே ஒரு பட்டியல் எழுத வேண்டும். உண்ணும் மாணவர், சமைப்பவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர், காய்கறி கொண்டுவருபவர், கணக்கு எழுதுபவர். பின்னர், விடையளித்தவர்களில் இவர்களுள் யார் இல்லை என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கேள்வி எந்த மொழியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாய்மொழி வழங்காத ஊரில் வந்து பயிலும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலக் கேள்வித்தாள் மட்டும் கொடுத்தால், பாத்திரம் கழுவுபவர் வாய் திறக்காமலே ஆராய்ச்சி முடிந்துவிடும்.

மூன்றாவது, விடைகளைத் தனித்தனியே பெற வேண்டும். எல்லோரையும் ஒரே அறையில் கூட்டிக் கேட்டால், குரல் உயர்ந்தவரின் கருத்தே ஊர்க் கருத்தாகிவிடும். எருதின் எடை சரியாக வந்தது, சீட்டுகள் தனித்தனியே எழுதப்பட்டதாலேயே.

நான்காவது, சொன்னவர் பெயர் வெளியாகாமல் காக்க வேண்டும். ஆராய்ச்சியாளருக்கு அது ஒரு பக்கக் கட்டுரை. சொன்னவருக்கு அது வேலை.

ஐந்தாவது, திரட்டிய விடைகளை மூன்று நண்பர்களிடம் தனித்தனியே கொடுத்து முடிவு காணச் சொல்ல வேண்டும். பொருளாதாரம் பயில்பவர் ஒருவர், சமூகவியல் பயில்பவர் ஒருவர், கணிதம் பயில்பவர் ஒருவர் என்று அமைந்தால் மிகவும் நன்று. எதை எப்படி அளந்தார்கள், ஏன் அப்படி அளந்தார்கள் என்பதை ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும்.

ஆறாவது, மூவரும் ஒத்துப்போன இடத்தையும் பிரிந்த இடத்தையும் இரண்டையுமே வெளியிட வேண்டும். பிரிந்ததை மறைத்து ஒத்ததை மட்டும் காட்டினால், கூட்டத்தைக் கூட்டியதன் பயன் போயிற்று.

ஏழாவது, கண்ட முடிவைத் தகவல் தந்தவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். அவர்கள் நேரத்துக்கு உரிய கூலியோ, நன்றியோ, இரண்டுமோ தர வேண்டும். ஊரைக் கூட்டித் தேரை இழுத்தபின், வடம் பிடித்தவரை மறந்துவிட்டுத் தேரில் அமர்ந்தவருக்கு மட்டும் மாலை போடுவது முறையன்று.

'பலர் சொல்வதால் இது உண்மை' என்று வாதிடுவோர் எக்காலத்திலும் உண்டு. 'ஆராய்ச்சி சொல்வதால் இது உண்மை' என்று ஒரே ஒருவரின் முடிவைக் காட்டி வாயடைப்போரும் உண்டு. பலர்வழித் திரட்டல் இவ்விரு சாராரையும் கேள்வி கேட்கக் கற்றுத்தருகிறது. அந்தப் பலர் யார், வராதவர் யார் என்று முதலாமவரைக் கேட்கலாம். வேறொருவர் இதே கணக்கைப் பார்த்தால் இதே முடிவுக்கு வருவாரா என்று இரண்டாமவரைக் கேட்கலாம். நாளை நம்மில் சிலர் நிறுவனங்களை நடத்துவோம்; பலர் அவற்றில் வேலை செய்வோம். 'ஆராய்ச்சியின்படி' என்று தொடங்கும் உத்தரவு ஒன்று நம் மேஜைக்கு வரும் நாளில் இவ்விரு கேள்விகளையும் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்குமானால், நாம் கற்ற கல்வி வீணாகவில்லை எனலாம்.